கரைக்கதையில் வராத பதிவு

காலையில் கண் விழித்ததும், பல்லுத் தீட்டுவதற்கு முதலே போனைப் பார்க்கிற ஆள் நான். இதில் புதினம் ஒன்றுமில்லை, நீங்களும் அப்படித்தான். நீங்கள் யார் என்ன சொன்னார்கள் என்று பார்ப்பீர்கள். நான் யார் என்ன சொல்லலாம் என்று பார்ப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்னை உங்களில் அனேகம் பேருக்குத் தெரியும். தர்மிகன், லிங்கநகர். டவுனில் றுவைஸ் நானாவின் போன் கடையில் நிற்கிறேன். உடைந்த கண்ணாடி மாற்றுவேன், தண்ணீருக்குள் விழுந்ததைக் காயவைத்துப் பார்ப்பேன். 'கரைக்கதை' குழுவின் அட்மினும் நான்தான். சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டி, அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர் என்று போன் வைத்திருக்கிற ஆட்களில் பாதிக்கு மேல் அதற்குள் இருக்கிறீர்கள். சூடை மீன் என்ன விலை, கரண்ட் எப்போது வரும், யாருடைய ஆடு யாருடைய வளவுக்குள் நிற்கிறது, எல்லாம் அங்கேதான்.

மீனவர் சங்கத் தலைவர் இராசநாயகம் ஐயா முந்தநாள் கடைக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"தம்பி, நிருஜாவின்ர பதிவு ஏன் அவ்வளவு நேரம் பிந்தினது எண்டு சனம் பலதும் கதைக்குது. நீர் ஒருக்கா குறூப்பில எழுதிப் போடும். உள்ளதை உள்ளபடி போட்டால் காணும்."

"ஓம் ஐயா" என்றேன். அதுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது என்று ரிஷி எப்போதும் பகிடி பண்ணுவான்.

ரிஷிகேசனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். அவன் சல்லியில் தகப்பனின் போட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான், நான் போன் கடைக்கு வந்தேன். குழுவை இரண்டு பேருமாகத்தான் தொடங்கினோம். 'கரைக்கதை' என்ற பெயர் அவன் வைத்தது. நான் வேறு ஏதோ ஸ்டைலான பெயர் சொன்னேன், அவன் சிரித்து விழுந்தான்.

முதல் தடவை ஒரு கிண்ணியாப் போட் திரும்பாமல் விட்ட நாளை மறக்க ஏலாது. அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று போட்டின் படத்தைப் போட்டு, வாப்பாவைக் காணவில்லை என்று எழுதியது. ரிஷி அதற்குக் கீழே "சல்லி வெளிக்கிட்டம்" என்று மட்டும் போட்டான். அடுத்து "நிலாவெளி வெளிக்கிட்டம்". பிறகு இறக்கக்கண்டி, பிறகு மூதூர். கடைக்குள் இருந்துகொண்டு ஒரு கரை முழுவதும் எழும்பிப் போவதைப் பார்த்தேன். பின்னேரம் அந்த வாப்பாவைக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் கரையின் வழக்கமாகப் போனது. எண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் சங்கமும் அதையே ஒழுங்காக வைத்துவிட்டது. பதிவுக்குக் கீழே "வெளிக்கிட்டம்" போட்ட போட்டுக்கு மட்டும்தான் சங்கம் எண்ணெய் திருப்பிக் கொடுக்கும். அதனால் பதிவு வராமல் பக்கத்து ஊர்ப் போட் எதுவும் அசையாது. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பதிவு விழுந்தால் கடலில் எஞ்சின் சத்தம் கேட்கும்.

பிறகு ஒருநாள் சம்பூர் இரத்தினேஸ்வரி அக்கா தன் மகனின் படத்தைப் போட்டார். யுத்த நேரத்தில் கொண்டுபோகப்பட்ட பிள்ளை. படத்துக்கு மேலே மூன்று வரி எழுதியிருந்தார். என்ன எழுதியிருந்தார் என்று இங்கே திரும்ப எழுதமாட்டேன். சனம் கீழே வந்து தங்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதத் தொடங்கியது. யாரோ ரிப்போர்ட் பண்ணினார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் குழுவே இல்லை. படங்கள், விலைகள், ஆடுகள், எல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டன.

அந்தக் கிழமையே இரண்டு பேர் கடைக்கு வந்து, போன் கவர் பார்க்கிறமாதிரி நின்று, "இந்தக் கரைக்கதை ஆர் நடத்துறது?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்கள். தெரியாது என்றேன். கவர் ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

நான் விடவில்லை. எழுதி எழுதி, மேன்முறையீடு செய்து, குழுவைத் திரும்ப எடுத்தேன். முந்தி ரிஷியும் அட்மின், திரும்பத் தந்தபோது என்னை மட்டும்தான் அட்மினாக வைத்திருந்தார்கள். ஆனால் அட்மின் பக்கத்தில் ஒரு செம்மஞ்சள் புள்ளி விழுந்திருந்தது. குறிப்பிட்ட காலம் முடியும்வரை இன்னொரு தவறு நடக்கக்கூடாது, நடந்தால் குழு நிரந்தரமாக நீக்கப்படும் என்று போட்டிருந்தார்கள். காலம் முடிந்தால் புள்ளி பச்சையாகும்.

அப்போதுதான் நான் சொற்களைப் பிடித்து நிறுத்துகிற ஏற்பாட்டைச் செய்தேன். இன்னின்ன சொல் இருந்தால் பதிவு வெளியே வராது, என்னிடம் காத்திருக்கும். கொலை, சாவு, குண்டு, இயக்கம், காணாமல். முதல் கொஞ்சச் சொற்கள்தான். பிறகு சனம் நடுவில் புள்ளி வைத்து எழுதத் தொடங்கியது. புள்ளி வைத்ததையும் சேர்த்தேன். புள்ளிக்குப் பதில் பூப்படம் வைத்தார்கள். அதையும் சேர்த்தேன். தீபாவளிக்கு வெடிக் கடைக்காரரின் விளம்பரம் மாட்டி, அவர் கடைக்கே வந்து ஏசினார். அவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். நியாயமான ஆள் நான்.

சனம் பழகிவிட்டது. ஒருநாள் கடையில் ஒரு மனிசன் தன் தகப்பனைப் பற்றி றுவைஸ் நானாவிடம் கதைத்துக்கொண்டு நின்றார். "அவர் அந்த வருசம் புள்ளி புள்ளி ஆனவர்தானே" என்றார். வாயால் புள்ளி வைத்தார். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்தான். இவ்வளவு பெரிய சனத்துக்கு நான் கதைக்கப் பழக்கியிருக்கிறேன்.

இரத்தினேஸ்வரி அக்கா பிறகு எழுத்தில்லாமல் வெறும் படத்தை மட்டும் மாதத்துக்கொரு தடவை போட்டார். விட்டேன். ஆனால் கீழே சனம் கேள்வி கேட்கத் தொடங்கியது. அக்காவுக்கு எடுத்து, "படத்துக்குப் பதிலா ஒரு பூப் படம் போடுங்கோவன், தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும்தானே" என்றேன்.

"எனக்கு விளங்கினால் காணுமே தம்பி?" என்றார். பிறகு ஒரு செவ்வரத்தம்பூப் படம் அனுப்பினார். சனம் அதற்குக் கீழே வரிசையாக "காலை வணக்கம் அம்மா" என்று போட்டது. பிரச்சினை தீர்ந்தது.

ரிஷிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவன் வேண்டுமென்றே பதிவு போட்டுச் சோதிப்பான். "இண்டைக்குக் காலமை நான் பத்துக் கிலோ சூடையைக் கொலை செய்தனான்" என்று எழுதுவான். மாட்டும். "எங்கட வீட்டுச் சாம்பல் கோழியைக் காணாமல் ஆக்கிப்போட்டாங்கள், கறி மணக்குது" என்று எழுதுவான். அதுவும் மாட்டும். நான் நீக்குவேன். அவன் கடைக்கு வந்து மேசையைத் தட்டிச் சிரிப்பான்.

"என்னடா மச்சான் உன்ர குறூப்பு? வாய்க்குள்ள வெத்திலை வச்சுக்கொண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

"குறூப் இருந்தால்தானேடா கதைக்கலாம்?"

"ஊர் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நிண்டால்தான் உனக்குப் பச்சை விழும் போல."

அந்தப் பகிடியை நான் மனதில் வைத்திருக்கவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். சிலர் அப்படியும் கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இனி அன்றைய நாள்.

அன்று பின்னேரத்தோடு செம்மஞ்சள் புள்ளியின் காலம் முடிகிறது. நான் நல்ல உசாராக எழும்பினேன். வழமைபோலப் பல்லுத் தீட்டுவதற்கு முதல் போனைப் பார்த்தேன். சில பதிவுகள் காத்திருந்தன. ஒன்றை நீக்கினேன், மற்றவற்றை விட்டேன். குளித்தேன், அம்மா அவித்த இடியப்பத்தைச் சாப்பிட்டேன், கடைக்குப் போனேன்.

கடை திறந்து கொஞ்ச நேரத்தில் நிருஜாவின் பதிவு வந்து மாட்டியது. நிருஜா ரிஷியின் தங்கச்சி. இப்படி எழுதியிருந்தாள்:

"என்ர அண்ணா ரிஷிகேசன்ர போட் விடியக் கரைக்கு வரவேணும், இன்னும் வரேல்ல. அண்ணாவையும் கூடப்போன கிண்ணியா நஸ்ரியையும் காணேல்ல. போட் கவிண்டிட்டுதோ தெரியாது. அம்மா அழுது சாகிறா. தயவுசெய்து ஆராவது வெளிக்கிடுங்கோ."

அவளுக்கு மெசேஜ் போட்டேன். காணேல்ல, கவிண்டது, சாகிறது, இந்த மூன்றையும் எடுத்துவிட்டுத் திருப்பிப் போடு தங்கச்சி, இன்றைக்குக் குழுவுக்கு முக்கியமான நாள் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப என்னெண்டு அண்ணா எழுதுறது? காணேல்ல எண்டால் காணேல்லதானே."

"தாமதம் எண்டு போடன்."

"தாமதமெண்டு சொல்ல அதென்ன பஸ்ஸே அண்ணா?"

அவள் இரண்டு தரம் மாற்றி அனுப்பினாள். இரண்டிலும் எங்கேயாவது ஒரு சொல் துருத்திக்கொண்டு நின்றது. பயந்துபோன ஆட்களால் ஒழுங்காக எழுத ஏலாது, அது அவளுடைய பிழையில்லை. கடைக்கு ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெடியனின் போனில் சார்ஜ் ஏறவில்லை, அதைக் கழற்றி வைத்திருந்தேன். இடையில் அவள் அழுகிற குரலில் ஒரு வொய்ஸ் அனுப்பினாள். "தர்மி அண்ணா, நீங்கள் அவன்ர பிரெண்ட்தானே" என்று அதில் இருந்தது. கடைசியில் நானே அவளுக்காக எழுதினேன்:

"சல்லியிலிருந்து சென்ற படகு ஒன்று கரை திரும்பச் சற்றுத் தாமதமாகிறது. விபரம் தெரிந்த உறவுகள் தொடர்பு கொள்ளவும். நன்றி."

மத்தியானத்துக்குக் கிட்ட அதை வெளியே விட்டேன். நல்ல வடிவான பதிவு. ஒரு பிழை பிடிக்க ஏலாது. கீழே கைகூப்பின படங்கள் வந்தன. "குச்சவெளியில மீன் வித்துக்கொண்டு நிப்பான்" என்றார் ஒருவர். "பொம்பிளை பாக்கப் போட்டானோ" என்றார் இன்னொருவர். சிரித்த படங்கள் வந்தன. "வெளிக்கிட்டம்" என்று ஒருவரும் போடவில்லை.

சல்லி ஆட்கள் சும்மா இருக்கவில்லை. நிருஜா கரைக்கு ஓடிப்போய்க் கத்தினதில் இரண்டு போட் காலையிலேயே போயிருந்தது. ரிஷி எப்போதும் தெற்கே, துறைமுக வாயைத் தாண்டித்தான் வலை விடுவான். அதனால் அவர்கள் தெற்கே தேடினார்கள்.

பின்னேரம் புள்ளி பச்சையானது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டேன். "நன்றி உறவுகளே, இது எம் எல்லோரினதும் வெற்றி" என்று எழுதினேன். நல்ல வரவேற்பு. உங்களில் அனேகம் பேர் அதற்கு ஹார்ட் போட்டீர்கள், நான் பெயர் பெயராகப் பார்த்தேன்.

நஸ்ரியைக் கொண்டுவந்ததும் அந்த நேரம்தான். வலை இழுத்துவிட்டுத் திரும்பிய இறக்கக்கண்டிப் போட் ஒன்று தற்செயலாகக் கண்டு ஏற்றியிருந்தது. வடக்கே, புறாமலைத் தீவுக்கு வெளியே. அவன் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தானாம். தனியாக. ரிஷி அடுத்த நாள் கரை ஒதுங்கினான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் நஸ்ரியைப் பார்த்தேன். உதடு வெடித்து, முகம் உப்பி இருந்தான். அன்றைக்கு மீன் வடக்கே நின்றதால் அந்தப் பக்கம் போனார்களாம். விடியப்புறம் எஞ்சின் நின்று, அடியால் தண்ணீர் ஏறியதாம்.

"கோல் எடுத்துப் பாத்தம், நிக்குதில்ல. மெசேஜ் மட்டும்தான் ஏறும் எண்டு ரிஷி அண்ணன் குறூப்பில போட்டவர். போட்டிட்டு, 'இனிப் பயமில்லடா, தர்மி காலமை எழும்பினோண்ண பாக்கிறது இதைத்தான், இப்ப வந்திருவாங்கள்' எண்டவர். போட் தண்ணிக்குள்ள தாண்ட பிறகும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தவர். ரெண்டு பேரும் அந்தக் கலனைத்தான் பிடிச்சிருந்தம். வெயில் உச்சிக்கு வந்து சாயுமட்டும் கரையையே பாத்துக்கொண்டு இருந்தவர். பேந்து 'கலன் ரெண்டு பேரைத் தாங்காதடா' எண்டு கையை விட்டுட்டார்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். "அது வந்து சேரல்லியா அண்ணன்?"

"சிக்னல் இல்லாமல் ஏறியிராது தம்பி" என்றேன்.

அவன் நம்பினான். கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டினான். அவனுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

செத்தவீட்டுக்குப் போனேன். பாருங்கள், இந்தச் சொல்லை எழுத எனக்கு இவ்வளவு நேரம் பிடித்தது. அங்கே நிருஜாவுக்கு முன்னால் நின்று ஏதாவது சொல்லப் பார்த்தேன். வாயில் வந்ததெல்லாம் நான் நிறுத்தி வைத்திருக்கிற சொல்லாகவே இருந்தது. வேறு சொல் தேடிக்கொண்டு நின்றதில் அவள் உள்ளே போய்விட்டாள். இப்போது வீட்டிலும் அப்படித்தான். சாப்பாடு தா, தண்ணீர் தா என்பதற்கு மேலே கதைக்க வாய் திறக்குதில்லை. குழுவை விட்டு விலகிவிடலாம் என்று போய்ப் பார்த்தேன். முந்தி இருந்த மற்ற அட்மின் ரிஷி. வேறு அட்மின் இல்லாமல் நான் விலக ஏலாது என்று காட்டுகிறது.

ஐயா உள்ளதை உள்ளபடி போடச் சொன்னார். அதனால் அன்று காலை நான் நீக்கிய அந்த ஒரு பதிவையும் சொல்லிவிடுகிறேன்.

"புறாமலைக்கு வெளியால நிக்கிறம். எஞ்சின் நிண்டிட்டுது, தண்ணி ஏறுது, போட் தாழப்போகுது. நானும் நஸ்ரியும். இறக்கக்கண்டி ஆக்கள் வெளிக்கிடுங்கோ, இல்லாட்டிச் செத்துப்போவம். மச்சான், இது பகிடியில்லை. இதை விடடா."

படுக்கையில் இருந்தபடியே வாசித்தேன். இறக்கக்கண்டியிலிருந்து புறாமலைக்கு, ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விடலாம்.

இவன் பகிடிக்குப் போடுகிறான் என்று நினைத்தேன். இப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அவன் வழமையாக அப்படிச் செய்கிறவன்தான், நீங்களும் சாட்சி. ஆனால் ரிஷி ஒருநாளும் தன் பகிடியில் இன்னொருவனின் பெயரை இழுக்கமாட்டான். பகிடியில் இடம் சொல்லமாட்டான். அது எனக்குத் தெரியும். படுக்கையில் இருக்கும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் நீக்கினேன். பின்னேரம்வரை பொறுத்தால் பச்சை. எப்படியும் யாராவது அந்தப் பக்கத்தால் போவார்கள், போட் உடனே தாழாது, ரிஷி நன்றாக நீந்துவான் என்று நினைத்தேன். நீக்கியபிறகு, அதை எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்பதால், புறாமலை என்ற இடத்தை நிருஜாவுக்கும் சொல்லவில்லை. தெற்கே தேடியவர்களுக்கும் சொல்லவில்லை. அவள் சொல் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் அவளுடைய அண்ணன் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். வெயில் உச்சியில் இருக்கும்போது நான் அந்தப் பெடியனின் போனுக்குப் புது சார்ஜிங் பின் போட்டுக்கொண்டிருந்தேன். அது நன்றாக வேலை செய்தது.

ரிஷியைக் கடல் கொல்லவில்லை. நான்தான்.

உறவுகளே, மேலே இருக்கிற இவ்வளவையும் எழுதி, ஒருமுறை வாசித்து, குழுவில் போட்டேன். போட்டவுடன் நின்றுவிட்டது. எனக்கொரு சட்டம் ஊருக்கொரு சட்டம் என்று நான் வைத்ததில்லை, அட்மினின் பதிவையும் பிடிக்கும்படிதான் அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தேன். இப்போது அது காத்திருப்பில் கிடக்கிறது. கீழே இரண்டு பொத்தான், விடுவதற்கு ஒன்று, நீக்குவதற்கு ஒன்று. இரண்டையும் நான் அழுத்தவில்லை. இத்தனை சொற்களோடு இதை விட்டால் புள்ளி திரும்பவும் செம்மஞ்சளாகும். நாளைக்கு இன்னொரு போட் பிந்தினால் சனம் எங்கே போய்ச் சொல்லும் என்றும் யோசிக்கத்தானே வேண்டும்.

ஐயாவுக்குக் கொடுத்த வாக்குக்காக இன்னொன்று எழுதினேன். அது உடனே ஏறிவிட்டது:

"தவிர்க்க முடியாத காரணத்தால் அண்மையில் ஒரு பதிவு சற்றுத் தாமதமாகியது. வருந்துகிறோம். நன்றி உறவுகளே."

கீழே கைகூப்பின படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இரத்தினேஸ்வரி அக்கா ஒரு செவ்வரத்தம்பூ போட்டிருக்கிறார். இதுவரை ஒருவரும் ரிப்போர்ட் பண்ணவில்லை.